கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் குளிர்கால வெயிலும் கேமராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கம் வானம் தெளிந்துவிடும். காலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர், பத்து மணிக்கெல்லாம் கண்ணைக் கூசவைக்கும் வெயில். வெளியில் படம் எடுக்கப் பழகத் தொடங்குபவர்கள் இந்த வெயிலைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. போன் வைத்திருப்பவர்களுக்கும் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கற்றுக்கொள்ள ஏன் குளிர்காலம்? வெயில் எப்போதும் வெயில்தானே?

இல்லை. சூரியன் நிற்கும் உயரம் மாறுகிறது, அதனால் எல்லாமே மாறுகிறது. கிருஷ்ணகிரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12.5 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தை ஒட்டி நண்பகலில் சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். ஆளைப் படம் எடுத்தால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண் இருக்கும் இடம் இரண்டு கருங்குழியாகத் தெரியும்.

டிசம்பர் 21, 22 வாக்கில் அதே நண்பகலில் சூரியன் 54 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அதுவும் தெற்கே சாய்ந்து நிற்கும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு உச்சிப்பொழுதிலும் கிட்டத்தட்ட 4 அடி நிழல் விழுகிறது. அதாவது ஒளி பக்கவாட்டிலிருந்து வருகிறது. பக்கவாட்டு ஒளிதான் மரப்பட்டையின் வரியையும், பாறையின் சொரசொரப்பையும், முகத்தின் வடிவத்தையும் எடுத்துக் காட்டும். நம் ஊரில் நாள் முழுக்க அப்படிப்பட்ட ஒளி கிடைக்கும் காலம் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைக்கும்தான்.

இன்னொன்றும் உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாவது வாரம் வரை, காலையிலிருந்து மாலை வரை, சூரியன் தென்பாதி வானத்திலேயே நகர்கிறது. இந்த மாதங்களில் எந்தக் கட்டடத்தின் வடக்குச் சுவரிலும் நேர் வெயில் படாது. காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் மென்மையான, சீரான ஒளி வேண்டுமென்றால் வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள். இதை மட்டும் தெரிந்துகொண்டாலே பாதி நாள் உங்களுக்கு லாபம்.

(குளிர்காலத்தில் சூரியன் நம்மிடமிருந்து தள்ளிப் போய்விடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலையில் 15.2 கோடி. அந்த வித்தியாசம் கேமராவுக்குப் பொருட்டே இல்லை. சாய்வுதான் முக்கியம்.)

எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

டிசம்பர் கடைசியில் கிருஷ்ணகிரியில் சூரியன் உதிப்பது 6.35 மணி வாக்கில், மறைவது 6 மணி வாக்கில். பொங்கல் சமயத்தில் இரண்டுமே சில நிமிடங்கள் தள்ளிப் போகும்.

வெளிநாட்டு யூடியூப் பாடங்களில் 'கோல்டன் ஹவர்' என்று ஒரு மணி நேரப் பொன் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்வார்கள். அது அந்த ஊர் கணக்கு. வடக்கே தூரமாகப் போகப் போகச் சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறும். நம் ஊரில் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே ஏறுகிறது. உதித்து அரை மணி நேரத்துக்குள் 6 பாகை உயரத்தைத் தாண்டிவிடும், பொன்னிறம் போய்விடும். ஆகவே 7 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் அந்த ஒளி கிடைக்காது. உதிக்கும்போது நீங்கள் அங்கே நின்றிருக்க வேண்டும். பூங்காவின் நுழைவு வாயில் அந்த நேரத்தில் திறந்திருக்காவிட்டால் காலைப் பொன்னொளியைச் சாலையோரத்திலோ வயல் வரப்பிலோ எடுத்துக்கொண்டு, வாயில் திறந்ததும் உள்ளே போகலாம்.

மற்ற நேரங்களுக்குக் கடிகாரம் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் ஒளி நன்றாகச் சாய்ந்திருக்கிறது. மார்கழியில் காலை சுமார் 10.25 வரையும், மதியம் 2.10-க்குப் பிறகும் அப்படி இருக்கும். ஏப்ரல் கடைசியில் இதே நிலை காலை 9.10 மணியோடு முடிந்துவிடும், திரும்ப வருவது மாலை 3.20-க்கு. குளிர்காலம் நமக்குக் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தருகிறது.

பள்ளி, கல்லூரி, வேலை என்று இருப்பவர்களுக்கு மாலை 4 மணி மிக வசதியான நேரம்.

எந்தப் பூங்கா? அங்கே எடுக்க என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரி அணை, அதாவது கே.ஆர்.பி. அணையை ஒட்டிய பூங்காவைத்தான் சொல்கிறேன். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1957-இல் காமராஜர் திறந்துவைத்த அணை அது. கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து வருபவர்களும் கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியிலேயே திரும்பிவிடலாம்.

புல்வெளி, பெரிய மரங்கள், சிமென்ட் நடைபாதை, விளையாட்டுத் திடல், பக்கத்தில் தண்ணீர், தூரத்தில் கரடுகள், வெளியே வரிசையாக மீன் பொரிக்கும் கடைகள். ஒளியைப் படிக்க வேண்டிய எல்லாப் பரப்பும் நடந்துபோகும் தூரத்துக்குள் இருக்கின்றன. சுற்றுலா இடம் தேடி அலையாதீர்கள். ஒரே பூங்காவுக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் பழகுவதற்குச் சிறந்த வழி என்று உறுதியாகச் சொல்வேன். இடம் பழகிய பிறகுதான் கண் ஒளியைக் கவனிக்கும். புது இடத்தில் கண் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

போன் போதுமா, கேமரா வாங்க வேண்டுமா?

போதும். வெயில் தாராளமாக இருக்கும்போது போன் கேமராவின் சிறிய சென்சார் திணறுவதில்லை. இரவிலும் வீட்டுக்குள்ளும்தான் பெரிய கேமராவின் அருமை தெரியும்.

மா. கிருஷ்ணன் என்ற இயற்கையியலாளரைத் தெரிந்துகொள்ளுங்கள். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கருவியோடு காட்டில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கருவியை அவர் முழுக்க அறிந்து வைத்திருந்தார். உங்கள் போனை நீங்கள் அந்த அளவு அறிந்துகொண்டால் போதும்.

போனில் முதலில் செய்ய வேண்டியது லென்ஸைத் துடைப்பது. சட்டைப் பையிலும் கையிலும் புழங்கிய போன் லென்ஸில் எண்ணெய்ப் படலம் இருக்கும். நிழலில் அது தெரியாது, எதிர்வெயிலில் படம் முழுக்கப் புகை மண்டிய மாதிரி ஆகிவிடும். பருத்தித் துணி போதும்.

அடுத்து, எடுக்க வேண்டிய பொருளின் மேல் விரலை வைத்துச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் ஒளி அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சின்னச் சூரியன் அடையாளம் வரும். அதைக் கீழே இழுத்தால் படம் இருளும், மேலே இழுத்தால் வெளுக்கும். நம் வெயிலில் கொஞ்சம் கீழே இழுத்து எடுப்பதே பெரும்பாலும் சரியாக வரும்.

கேமராவில் எந்த செட்டிங் வைப்பது?

ஃபிலிம் ரோல் காலத்தில் ரோல் அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்துக் கொடுத்த ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 16, ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) ஐஎஸ்ஓ எண்ணின் (ஒளியுணர்வு அளவின்) தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 விநாடி. அபெர்ச்சரை ஒவ்வொரு படி திறக்கும்போதும் ஷட்டரை இரட்டிப்பு வேகமாக்க வேண்டும். எஃப் 11-க்கு 1/200, எஃப் 8-க்கு 1/400, எஃப் 5.6-க்கு 1/800. சூரியன் பொருளின் பக்கவாட்டில் இருந்தால் இதிலிருந்து ஒரு படி கூடுதல் ஒளி கொடுங்கள். பொருளுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு படி.

இதை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேமரா தானாகக் காட்டும் அளவு சரியா தப்பா என்று சோதிக்க உங்களிடம் ஒரு சொந்த அளவுகோல் வந்துவிடுகிறது. வெட்டவெளி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8-இல் கேமரா 1/100 காட்டினால் எதையோ பார்த்து அது ஏமாந்திருக்கிறது என்று உடனே புரிந்துவிடும்.

தினசரி எடுப்பதற்கு அபெர்ச்சர் ப்ரையாரிட்டியில் (அபெர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் முறை) எஃப் 8, ஐஎஸ்ஓ 100 அல்லது 200 வைத்துக்கொண்டு, ஒளியை ஏற்ற இறக்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது பிளஸ், மைனஸ் அளவைப் பயன்படுத்துங்கள். முழு மேனுவல் வீரம் ஆரம்பத்தில் தேவையில்லை.

வெள்ளைக் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது. வெள்ளைச் சுவர் எடுத்தால் அழுக்காக, சாம்பலாக வருகிறது. இரண்டும் எப்படி?

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கேமராவின் அளவீடு தான் பார்க்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. சட்டகம் முழுக்க வெள்ளைச் சுவர் இருந்தால், 'ரொம்ப வெளிச்சம்' என்று இருட்டாக்கிவிடும். அதற்கு பிளஸ் 1 அல்லது ஒன்றரை வையுங்கள். கொக்கு சின்னதாக நிற்க, பின்னால் மரநிழல் விழுந்த கரும்பச்சைத் தண்ணீர் நிறைந்திருந்தால், 'ரொம்ப இருட்டு' என்று எல்லாவற்றையும் வெளுக்கவைக்கும். கொக்கின் இறகு விவரமே இல்லாமல் போய்விடும். அதற்கு மைனஸ் 1.

வெளுத்துப்போன இடத்தை எந்த எடிட்டிங்கும் மீட்டுத் தராது. இருண்ட இடத்திலிருந்து ஓரளவு விவரம் எடுக்கலாம். ஆகவே வெயிலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வெள்ளையைத்தான்.

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வெயில் படும் சாம்பல் நிறப் பாறையும் பச்சைப் புல்லும் ஏறத்தாழ அந்த நடுத்தர அளவில்தான் இருக்கின்றன. எடுக்கப்போகும் பொருளின் மேல் எந்த வெயில் விழுகிறதோ அதே வெயில் விழும் புல்லையோ கரட்டுப் பாறையையோ நோக்கி ஒளியை அளந்து பூட்டிக்கொண்டு, பிறகு கொக்குப் பக்கம் திரும்பி எடுங்கள். கிருஷ்ணகிரியில் பாறைக்கா பஞ்சம்?

ஆட்களை எடுத்தால் முகம் கறுத்துப்போகிறது, அல்லது கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு ஆல்பங்களில் 'சூரியனைப் பார்த்து நில்லு' என்று சொல்லி எடுத்த படங்கள் எல்லோரிடமும் இருக்கும். எல்லோர் கண்ணும் சுருங்கியிருக்கும். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஆள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும், சூரியன் ஒரு தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். முடியின் விளிம்பில் ஒளிக்கோடு விழும், கண் இயல்பாகத் திறந்திருக்கும். இப்போது முகம் நிழலில் இருப்பதால் ஒளி அளவை முகத்தின் மேல் பூட்டுங்கள். பின்னணி கொஞ்சம் வெளுக்கும், பரவாயில்லை. வானத்தைப் பின்னணியில் வைக்காமல் மரக்கூட்டத்தை வைத்தால் அந்த வெளுப்பும் குறையும்.

முகத்துக்கு ஒளி திருப்பிவிட விலை கொடுத்து ரிஃப்ளெக்டர் வாங்க வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெர்மோகோல் அட்டை ஒன்றை யாராவது மார்பளவு உயரத்தில் பிடித்தால் போதும். அதுவும் இல்லையா, வெள்ளை வேட்டியை நான்காக மடித்துப் பிடியுங்கள். சட்டை, சேலை நிறத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் நிற்பவர் சிவப்புச் சேலையில் இருந்தால் அந்தச் சிவப்பு கன்னத்தில் ஏறும். புல்வெளி நடுவில் நிறுத்தினால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். பூங்காவின் சிமென்ட் நடைபாதை இதற்கு அருமையான இடம். வெளிறிய தரை கீழிருந்து மேலே ஒளியைத் தூக்கிக் கொடுக்கும், நிறமும் ஏற்றாது.

மரநிழல் என்றதும் ஓடிப்போய் மரத்தடியில் நிறுத்துகிறார்கள். எந்த மரம் என்று பார்க்க வேண்டும். வேப்பமரம், புளியமரம் போன்ற சின்ன இலை மரங்களுக்கு அடியில் வெயில் புள்ளி புள்ளியாக விழும். ஒரு புள்ளி மூக்கிலும் ஒன்று கன்னத்திலும் விழுந்தால் படம் கெட்டது. அடர்ந்த மாமர நிழல் நல்லது. அதிலும் நடுவில் நிறுத்தாமல், நிழல் முடியும் விளிம்புக்கு ஓரடி உள்ளே, முகம் வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். வெட்டவெளியிலிருந்து வரும் ஒளி முகத்தில் மெதுவாகப் படியும். கண்ணில் ஒரு மினுக்கும் தெரியும்.

கறுத்த நிறமுள்ளவர்களை எடுக்கும்போது போன் தானாகவே முகத்தை வெளுக்கவைக்கும், 'ப்யூட்டி' வசதி இருந்தால் இன்னும் மோசம். அதை நிறுத்திவிடுங்கள். நம் மக்களின் தோல் நிறம் பக்கவாட்டு ஒளியில் மிக அழகாகப் பதியும். நெற்றி, கன்ன எலும்பு, தாடை எல்லாவற்றிலும் ஒளி வழுக்கி இறங்கும். அந்த நிறத்தை அப்படியே கொண்டுவருவதுதான் படம் எடுப்பவரின் கடமை என்று நான் நினைக்கிறேன். மாநிறத்தவர்களையும் கறுத்தவர்களையும் வெளுப்பாக்கித் தருவதை இந்தத் தொழிலில் ஒரு சேவையாகவே செய்கிறார்கள். அது தவறு.

நேர் வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணி, திறந்ததும் எடுங்கள். அந்த ஒரு நொடி கண் சுருங்காது.

பட்டுச் சேலையில் ஜரிகையும் சிவப்பும் ஒரே குழம்பாகிவிடுகிறதே?

ஹிஸ்டோகிராம் (படத்தின் இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) தெரிந்திருந்தால், மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வெள்ளை வரைகோட்டை மட்டும் பார்க்காமல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வகையைப் பாருங்கள். அரக்குச் சிவப்பு, மஞ்சள் துணிகளில் சிவப்பு மட்டும் முதலில் வலது ஓரத்தில் முட்டிவிடும். மொத்த ஹிஸ்டோகிராமில் அது தெரியாது. முக்கால் படி குறைத்து எடுத்தால் மடிப்பும் ஜரிகையும் திரும்பக் கிடைக்கும்.

வெயிலில் போன் திரையே தெரியவில்லை. படம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் உடம்பின் நிழலில் திரையைப் பாருங்கள். தொப்பியோ துண்டோ தலைக்கு மேல் போட்டுக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் வெயிலில் திரையைப் பார்த்து ஒளி அளவை முடிவு செய்ய வேண்டாம். கண் கூசும் இடத்தில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும், நீங்களும் தேவையில்லாமல் ஒளியைக் கூட்டிவிடுவீர்கள். ஹிஸ்டோகிராமை நம்புங்கள்.

வானம் கண்ணுக்கு அவ்வளவு நீலமாக இருக்கிறது, படத்தில் வெளிறிவிடுகிறது.

சூரியன் இருக்கும் பக்கத்து வானம் எப்போதும் வெளிறித்தான் இருக்கும். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் வானப் பகுதிகள்தான் மிக ஆழமான நீலம். மார்கழி நண்பகலில் அது வடக்கு வானத்தில், நடுத்தர உயரத்தில் வரும். வடக்கு நோக்கி எடுத்தால் பொருளின் மேல் முன்வெயிலும் கிடைக்கும், நீலமும் கிடைக்கும்.

போலரைசர் ஃபில்டர் அந்த இடத்தை இன்னும் ஆழமாக்கும். இலையின் மினுக்கையும் தண்ணீர்ப் பரப்பின் கண்ணாடிப் பளபளப்பையும் நீக்கும். பதிலுக்கு ஒன்று முதல் இரண்டு படி ஒளியை விழுங்கும். அகல லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமாகவும் இன்னொரு பக்கம் வெளிறியும் வரும். வாங்குகிற முதல் ஃபில்டர் இதுவாக இருக்கட்டும்.

தண்ணீரைப் பஞ்சு மாதிரி மென்மையாக எடுக்க முடியுமா?

பட்டப்பகலில் நேரடியாக முடியாது. ஐஎஸ்ஓ 100, எஃப் 16-இலேயே 1/100 விநாடிதான் வருகிறது. மென்மைக்கு அரை விநாடியாவது வேண்டும். ஒளியை ஆறு படி குறைக்கும் என்டி ஃபில்டர் (லென்ஸின் முன் போடும் கருங்கண்ணாடி) போட்டால் 1/100 விநாடி கிட்டத்தட்ட 0.6 விநாடியாக நீளும். ஸ்டாண்ட் கட்டாயம்.

தருமபுரிக்காரர்கள் இதை ஒகேனக்கல்லில் முயல்வார்கள். அங்கே கரும்பாறையும் வெண்ணுரையும் பக்கம் பக்கமாக இருப்பதால் கேமரா பாறையைப் பார்த்து நுரையை வெளுத்துவிடும். அளவை நுரைக்கு வையுங்கள், பாறை கறுப்பாகவே இருக்கட்டும். சாரல் லென்ஸில் படும், துணி நிறையக் கொண்டுபோங்கள்.

காலைப் பனிமூட்டத்தில் எடுப்பது எப்படி?

எளிது. பிளஸ் அரை அல்லது ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் பனி சாம்பலாகிவிடும். சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து, மரத்தையோ ஆளையோ நடுவில் மறைவாக வைத்து எடுத்தால் கதிர்கள் தெரியும். பனி கலையும் கடைசிச் சில நிமிடங்கள்தான் மிகச் சிறந்தவை. குளிரில் லென்ஸில் மூச்சு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு என்ன ஷட்டர் வேகம்?

நிற்கும் கொக்குக்கு 1/500 போதும். பறக்கும் நீர்க்காகத்துக்கும் பாயும் மீன்கொத்திக்கும் 1/1600-க்குக் குறையாமல். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6-இலேயே அந்த வேகம் வந்துவிடும். தையில் நம் ஊர்களில் நடக்கும் எருது விடும் விழாவுக்கும் 1/1000-க்கு மேல் வைத்தால் காளை கலங்காமல் பதியும்.

காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் தூரத்துப் பறவை தெளிவில்லாமல் வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை நெளியவைக்கிறது. விலை உயர்ந்த லென்ஸும் அதைத் தாண்டாது. அருகில் போக வேண்டும், அல்லது மறுநாள் காலையில் வர வேண்டும். அருகில் போவதற்காகப் பறவையை எழுப்பி விரட்டுவதும், கூட்டின் பக்கம் போய் நிற்பதும் வேண்டவே வேண்டாம்.

மாலைச் சூரியனை நேராக எடுக்கலாமா?

போனில் எடுக்கலாம், லென்ஸை நீண்ட நேரம் சூரியனை நோக்கியே வைத்திருக்க வேண்டாம். கண்ணாடி வியூஃபைண்டர் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் டெலி லென்ஸ் (தூரத்தை அருகில் காட்டும் லென்ஸ்) போட்டுச் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது. கண் பார்வை போகும். பின்திரையில் பார்த்து எடுங்கள். சூரியனை இலையின் விளிம்பில் பாதி மறைத்து எஃப் 16-இல் எடுத்தால் நட்சத்திரம் மாதிரி கதிர் விரியும்.

தையில் மாமரங்கள் பூத்திருக்கும்போது மாலை எதிர்வெயிலில் அந்தப் பூங்கொத்துகளை எடுத்துப் பாருங்கள். மாம்பழத்துக்குப் பேர்போன மாவட்டம், ஆனால் மாம்பூவைப் படம் எடுப்பவர்கள் குறைவு. எனக்கு அது தீராத குறை.

பூங்காவில் தெரியாதவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். 'அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?' 'அக்கா, பாப்பாவ ஒரு படம் எடுக்கட்டுமா?' என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். குழந்தைகளை எடுக்கப் பெற்றோர் அனுமதி கட்டாயம். ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களைத் தூரத்திலிருந்துகூட எடுக்காதீர்கள். அந்தப் படம் இணையத்தில் போனால் ஒரு பெண்ணுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மீன் கடைக்காரரை எடுத்தால் படத்தை அவருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த முறை அவரே கூப்பிட்டு, எண்ணெய் கொதிக்கும் புகையில் வெயில் விழும் நேரத்தைக் காட்டுவார்.

அணையின் மேல் போய் எடுக்கலாமா? ட்ரோன்?

அறிவிப்புப் பலகையில் தடை என்று எழுதியிருந்தாலோ காவலாளி வேண்டாம் என்றாலோ அத்தோடு விட்டுவிடுங்கள். தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. ஆற்றில் மேலே உள்ள கெலவரப்பள்ளி அணையிலிருந்து வரும் வெள்ளம் இங்கே வந்துதான் போக வேண்டும். ட்ரோனுக்கு 2021 ட்ரோன் விதிகள் பொருந்தும். பறக்க அனுமதியுள்ள பகுதியா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்து, அணை அலுவலகத்திலும் கேட்காமல் எடுத்துப்போக வேண்டாம்.

ஒரு மாலை மட்டும் நேரம் இருக்கிறது. எதைப் பழகுவது?

ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சுற்றி வந்து, சூரியன் உங்கள் முதுகில், இடப்பக்கம், வலப்பக்கம், எதிரில் என்று நான்கு பக்கமும் எடுங்கள். அதே மரத்தை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் ஐந்தே முக்காலுக்கும் எடுங்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதுகில் சூரியன் இருந்தபோது மரம் தட்டையாக இருப்பதும், பக்கவாட்டில் வரும்போது பட்டையின் வெடிப்பு எழுந்து நிற்பதும் தெரியும். எதிரில் இருந்தபோது இலைகள் உள்ளிருந்து ஒளிர்ந்திருக்கும். அதன் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றுதான் பார்ப்பீர்கள்.

மார்கழிக் காலையில் வாசல் கோலத்தையும் இதேபோல் எடுத்துப் பழகலாம். முதல் வெயில் தரையோடு தரையாக வரும்போது மாவுக் கோட்டுக்கும் நிழல் விழும்.

நிழலில் எடுத்த படம் நீலமாக வருகிறதே?

நிழலுக்கு ஒளி கொடுப்பது நீல வானம். ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) 'ஷேட்' என்று மாற்றுங்கள், அல்லது எடிட் செய்யும்போது 7,000 கெல்வின் பக்கம் கொண்டுபோங்கள். நேர் வெயிலுக்கு 5,500 போதும். ரா வடிவத்தில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுத்திருந்தால் தரம் குறையாமல் மாற்றலாம்.

படத்தைப் பிரிண்ட் போட்டால் இருட்டாக வருகிறது. ஸ்டுடியோவில் தப்பு செய்கிறார்களா?

பெரும்பாலும் உங்கள் திரைதான் காரணம். போனை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் படம் உண்மையில் இருப்பதைவிடப் பளிச்சென்று தெரியும். காகிதம் தானாக ஒளிராது. வீட்டுக்குள் திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்து எடிட் செய்யுங்கள்.

4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 1,200க்கு 1,800 புள்ளிகள் இருந்தாலே போதும், எந்தப் போன் படத்திலும் அதற்கு மேல் இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். கவுண்டரில் கொடுக்கும்போது கலர் கரெக்ஷன் வேண்டாம், அப்படியே போடுங்கள் என்று சொல்லி, முதலில் ஒரே ஒரு படத்தைப் போட்டு வாங்கி வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள்.